நாற்காலிக்கும் நரை உண்டு

கே: மொட்டைமாடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மாமனார் உட்கார்ந்தார். நாலு காலும் நாலு திசைக்குப் போய்விட்டன. பழி என் மேல்! (மருமகள், நாமக்கல்)

ப: நீங்கள் விடுதலை. குற்றவாளி சூரியன். அந்த நாற்காலி பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் கூட்டுச் சேர்ந்து அவற்றைத் துண்டு துண்டாக்கும். முதலில் போவது மேல்தோல். மிச்சமிருக்கும் நாற்காலிகளைத் தடவிப் பாருங்கள். கையில் வெள்ளையாக மாவு ஒட்டினால், மயிரிழை விரிசல்கள் ஓட ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். மாமனாரின் எடை அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

கே: பக்கத்திலேயே நிற்கும் தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லையே? (அதே மருமகள்)

ப: கறுப்பாக இருக்கிறதல்லவா, திருஷ்டி படாது! சூரியனின் திருஷ்டியைச் சொல்கிறேன். பிளாஸ்டிக்கோடு கலந்திருக்கும் நுண்ணிய கரித்தூள் புற ஊதாக் கதிரை மேலேயே விழுங்கிவிடும்.

கே: என் கல்யாண ஷூவை ஒரே நாள் போட்டுவிட்டு டப்பாவில் பத்திரமாக வைத்தேன். மகன் கல்யாணத்துக்கு எடுத்தால், மண்டபத்து வாசலிலேயே அடிப்பாகம் உதிர்ந்துவிட்டது. வெயிலே படவில்லையே? (திருச்சி வாசகர்)

ப: உங்கள் ஷூவுக்கு எமன் வெயில் அல்ல, ஈரம். அடிப்பாகம் அநேகமாகப் பாலியூரித்தேன். அதன் எஸ்டர் பிணைப்புகளைக் காற்றின் ஈரம் ஒவ்வொன்றாகப் பிரிக்கும். பிரியும்போது அமிலம் உண்டாகும். அந்த அமிலம் அடுத்த பிணைப்பை இன்னும் சீக்கிரம் பிரிக்கும். பூட்டி வைத்தால் பத்திரம் என்பது நகைக்குச் சரி.

கே: வெயிலும் இல்லை, ஈரமும் இல்லை. அப்போதாவது பிளாஸ்டிக் அப்படியே இருக்குமா? (கல்லூரி மாணவி, மதுரை)

ப: இருக்காது. பி.வி.சி., பாலிகார்பனேட் போன்றவற்றை உருக்கி அச்சில் வார்த்துச் சட்டென்று குளிரவைக்கிறார்கள். சங்கிலிகளுக்கு ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரமில்லை. கிடைத்த நிலையில் உறைந்துவிடும். இடையிடையே காலி இடம். படிக்கட்டருகே முண்டும் பஸ் கூட்டம் வண்டி குலுங்கக் குலுங்க உள்ளே அமைவதுபோல, அவை வருஷக்கணக்கில் இம்மி இம்மியாக நெருங்கும். ஒரு பிணைப்புகூட அறாது. ஆனாலும் பொருள் துளி சுருங்கும், விறைக்கும், அடி தாங்கும் சக்தி குறையும்.

ஹாலந்துக்காரர் ஸ்ட்ராய்க், பி.வி.சி.யை 90 டிகிரியிலிருந்து சட்டென்று குளிர்த்தி, 1000 நாள் வரை கிடத்தி, அவ்வப்போது இழுத்துப் பார்த்தார். பொறுமைசாலி! 1978இல் இதற்கென்றே புத்தகமும் போட்டார். முதல் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை எவ்வளவு மாற்றமோ, பத்திலிருந்து நூறுவரையும் ஏறக்குறைய அவ்வளவு; நூறிலிருந்து ஆயிரத்துக்கும் அவ்வளவே. வேகம் குறைந்துகொண்டே போகும், லேசில் நிற்காது.

கே: இந்த முதுமையைத் திருப்ப வழி உண்டா? எனக்கும் சேர்த்துக் கேட்கிறேன். (ஓய்வுபெற்றவர், தஞ்சாவூர்)

ப: பி.வி.சி.க்கு உண்டு. சுமார் 80 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் சங்கிலிகள் தளர்ந்து, நெருங்கியதெல்லாம் அழிந்துவிடும். குளிர்ந்ததும் மறுபடி முதல் நாள். பாலிகார்பனேட்டுக்கு 150 டிகிரி வேண்டும். பைப்பை வெந்நீரில் போட்டுவிட்டு, வளைந்துவிட்டது என்று எழுதாதீர்கள். வெயிலில் அறுந்த சங்கிலியை எந்தச் சூடும் ஒட்டாது. உங்களுக்கு? வெந்நீர்க் குளியலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கே: தாத்தாவின் பழைய படச்சுருள் டப்பாவைத் திறந்தால் ஊறுகாய் வாடை. யாராவது சாப்பிட்டு வைத்தார்களா? (சேலம் வாசகர்)

ப: படச்சுருளே வினிகர் தயாரிக்கிறது. அது செல்லுலோஸ் அசிட்டேட். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசிட்டிக் அமிலம் கக்கும். இங்கேயும் அமிலமே அமிலத்தை வளர்க்கும். சுருள் சுருங்கி, நெளிந்து, புரொஜெக்டரின் பற்களுக்குப் பொருந்தாமல் போகும். அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். குளிர்ச்சியான, உலர்ந்த இடமாகப் பார்த்து, வாடை வரும் சுருளை மட்டும் உடனே தனிக்குடித்தனம் அனுப்புங்கள்.