நக வைத்தியம்

புயலுக்குத் தோட்டத்தைப் பறிகொடுத்தவர்கள் இனி எந்த மரத்தை நட்டால் அடுத்த புயலுக்கும் நின்று பிடிக்கும் என்பதைப் பற்றிப் பிறருக்கு உபயோகமாக நாலு வார்த்தை எழுதலாம் என்ற நல்லெண்ணத்தோடுதான் இன்று காலை பேனாவை எடுத்தேன். ஆனால் நேற்று மாலை என் வீட்டுக்கு வந்து, காபி சாப்பிட்டு, அது ஆறிப்போயிருந்தது என்று ஒரு குறையும் சொல்லி, கை கழுவப் போகிறவர்போலக் கொல்லைப்பக்கம் போய், என் ஒட்டுமாவின் தண்டைக் கட்டைவிரல் நகத்தால் அரை அங்குலம் சுரண்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்து, "உயிர் இருக்கு சார்!" என்று அருள்வாக்கு அளித்துவிட்டுப் போன நண்பரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்கு இன்று ஆகாரம் இறங்காது. நட வேண்டிய மரங்களின் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிவதற்கு முன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, கடலோரத்தோடு திருப்தி அடையாமல் எங்கள் புதுக்கோட்டை வரை நடந்து வந்தது. மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர், வீச்சில் 120 என்றார்கள். பெயரைச் சூட்டியது இலங்கை. கஜம் என்றால் யானை. யானை புகுந்த விளைநிலத்தைப் பற்றிப் பிசிராந்தையார் பாண்டியனுக்குச் சொன்ன உவமைக்கு இனி எங்கள் ஜில்லாவில் உரையாசிரியர் தேவையில்லை. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கத்தில் பாட்டன் வைத்த பலாவும் அப்பன் வைத்த தென்னையும் வேரோடு படுத்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன், தன் வீட்டுக் கொல்லையில் போன ஓர் ஒட்டுமா, ஒரு பவழமல்லி, ஒரு நார்த்தை, ஒரு தென்னை, ஒரு முருங்கை ஆகியவற்றை எண்ணி வாய்விட்டு அழுவது அநாகரிகம் என்பதால், வாய்விடாமல் அழுதேன். சர்க்கார் தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. பவழமல்லிக்கு என்ன விலை என்று எந்த ஆபீஸில் போய் நிற்பது?

சுரண்டலுக்கு வருவோம். அதில் சாஸ்திரம் இல்லாமல் இல்லை. பட்டைக்கு அடியில் பச்சையும் ஈரமும் தென்பட்டால் கிளை பிழைத்திருக்கிறது. பழுப்பேறி உலர்ந்திருந்தால் காரியம் முடிந்தது. இதை ஒருவர், ஒரு தடவை, நுனிக் கிளையிலிருந்து தொடங்கிப் பார்த்தால் போதும். எங்கள் கொல்லையிலோ நகம் வளர்ப்பவர் நகத்தாலும், நகம் கடிப்பவர் வண்டிச் சாவியாலும், பால்காரர் கேனின் மூடி விளிம்பாலும், ஒன்றுவிட்ட அத்தை கொண்டை ஊசியாலும், மின்கம்பம் நட வந்த தொழிலாளி திருப்புளியாலும், நாடி பிடிக்கும் வைத்தியருடைய அதே அரைக்கண் மூடிய முகபாவத்தோடு, ஆளுக்கோர் இடத்தில் சோதித்து, ஆளுக்கோர் அபிப்பிராயம் சொன்னார்கள். முதல் வாரம் சுரண்டியவர் கண்ட பச்சை, காற்றுப்பட்டுக் காய்ந்து பழுப்பாகிவிடும், இரண்டாம் வாரம் வந்தவர் அந்தப் பழுப்பைப் பார்த்துவிட்டு, "போயிடுச்சே!" என்று உச்சுக்கொட்டி, சந்தேக நிவர்த்திக்காக அதற்குச் சற்றுக் கீழே இன்னொன்று சுரண்டுவார். ஒருவர் தென்னையையே அடிமரத்தில் சாவியால் சுரண்டி, "பச்சையே காணோம் சார், இது முடிஞ்சது" என்றார். தென்னைக்குப் பட்டைக்கடியில் பச்சை எந்த யுகத்தில் இருந்தது? அதன் பிராணன் உச்சிக் குருத்தில் அல்லவா இருக்கிறது! அவர் முடித்துவைத்த அந்தத் தென்னை, சாய்ந்தபடியே, இந்த மாசியில் புதுமட்டை விட்டிருக்கிறது. அவர் இந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

என் தர்மபத்தினி ஒருநாள் ஒட்டுமாவின் தழும்புகளை எண்ணி இருபத்துமூன்று என்றாள். அவற்றில் பதினாலு என்னுடையவை என்றும் சொன்னாள். நான் மறுக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு, கேட்டைப் பூட்டியாகிவிட்டதா என்று பார்த்துவரும் பாவனையில் டார்ச்சோடு போகிறவன் எதற்காகப் போகிறான் என்பது தோட்டம் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். ஆனால் என் மரத்தை நான் சுரண்டுவது வேறு. பிறத்தியார் சுரண்டுவது வேறு.

டொரண்டோவிலிருந்து மைத்துனன் தொலைபேசியில் உபதேசம் செய்தான். அவனுடைய ரோஜாச் செடிகள் வருஷந்தோறும் பல மாதம் உறைபனிக்கு அடியில் கிடப்பவை. பனியே கம்பளிபோல் மூடி வேரைக் காப்பாற்றுமாம். அங்கேயும் வசந்தம் பிறந்ததும் அக்கம்பக்கத்தார் நகத்தோடு கிளம்புவார்களாம் என்று கேட்டதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். "அத்தான், அவசரப்பட்டு எதையும் பிடுங்கிடாதீங்க. ஏப்ரல் கடைசிவரைக்கும் பொறுங்க. வெயில் வந்தா தன்னால துளிர்த்துடும்" என்றான். இந்த ஊரில் பிறந்து, திலகர் திடலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன்! ஏப்ரல் கடைசியில், கத்திரி வாசலில் நிற்கும்போது, புதுக்கோட்டையில் துளிர்ப்பது வேர்க்குரு ஒன்றுதான் என்பது பதினெட்டு வருஷக் கனடா வாசத்தில் மறந்துபோயிற்று.

ஆனால் என் மனத்தாங்கலுக்குக் காரணம் வேறு. வேர் பாதி அறுந்த மரம், தன் உடம்பில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைக் கரைத்து, தளதளவென்று துளிர் விட்டுவிடும். அது கடன் வாங்கிக் கல்யாணம் செய்வது மாதிரி. கோடை பிறந்து இலைகள் தண்ணீர் கேட்கும்போது கொடுக்க வேர் இராது. ஒரே வாரத்தில் சருகாகும். ஆகவே உயிர் இருப்பது ஒரு சமாசாரம், பிழைப்பது வேறொரு சமாசாரம். நடுவே இருப்பது தண்ணீர். "உயிர் இருக்கு" என்று சொன்ன இத்தனை புண்ணியவான்களில் ஒருவராவது, காபி குடித்த டம்ளரைக் கழுவிய தண்ணீரையாவது அந்த வேரில் ஊற்றியிருப்பாரா? மரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கம்பு நட வேண்டுமென்று, எங்கள் செம்பொறை மண்ணில் கடப்பாரையை ஓங்கி ஓங்கி ஒரு ஜாண் பள்ளத்துக்கு ஒரு மணி நேரம் நான் மூச்சு வாங்கியபோது, திண்ணையில் உட்கார்ந்து, கடப்பாரையை இன்னும் சாய்த்துப் பிடிக்கும்படி சொன்னவர்தான் நேற்று வந்தவரும்.

முருங்கையை மட்டும் யாரும் சுரண்டவில்லை. காற்று என்று சொல்லும் முன்பே ஒடிந்தது. கேட்பார் இல்லாமலே துளிர்த்தது. இப்போது வாரம் இருமுறை கீரை தருகிறது. கேட்டு வாங்கிப் போகிறவர்களும் அதே வைத்தியர்கள்தாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு, மரங்களின் ஜாபிதாவைத் தொடங்குமுன் கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். ஒட்டுமாவில், இருபத்துநாலு தழும்புகளுக்கும் கீழே, செம்பு நிறத்தில், சுண்டுவிரல் நகமளவு ஒரு துளிர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மண்டியிட்டுப் பார்த்தேன். ஒட்டுக்கு நாலு விரற்கடை கீழே, அடிக்கட்டையில் வந்திருக்கிறது. காய்க்குமானால் எந்த அனாமதேயப் புளிச்ச மாங்காய் காய்க்குமோ! ஆனாலும் நண்பர் சொன்னது பலித்துவிட்டது, அதுதான் தாங்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. கழற்றும் விதத்தைப் பார்த்தால் அவரேதான். துளிரின்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டு வருகிறேன்.