பதினைந்து வீடுகளை ஒரே வீடாக்க அனுமதி கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
தங்கள் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் அகப்படாத வீட்டில் குடியிருப்பவன்,
ஏனாத்தூர், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
எரிசக்தித் திறன் அமைவகம் என்கிற பி.இ.இ.,
சேவா பவன், ஆர்.கே.புரம், புது தில்லி.

பொருள்: எங்கள் தெருவைத் தங்கள் சட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எரிசக்தி சேமிப்புச் சட்டம், 2001. 2. 2018 டிசம்பர் 14-ல் வெளியான 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'. 3. நேற்று இரவு 2 மணிவரை தூக்கம் வராமல் நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த கான்கிரீட் தளம்.

ஐயா,

2002 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கி இன்றுவரை, நாட்டில் ஒரு யூனிட் மின்சாரம்கூட வீணாகக் கூடாது என்று தாங்கள் படுகிற பாட்டை நாங்கள் அறிவோம். ஏசிக்கு நட்சத்திரம் ஒட்டினீர்கள். ஃபிரிட்ஜுக்கு ஒட்டினீர்கள். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் கட்டாயமாக ஒட்டவைத்தீர்கள். பொருள்களோடு நிற்காமல் கட்டடங்களுக்கும் விதி எழுதினீர்கள்: பெரிய வணிகக் கட்டடங்களுக்கு 2007-ல் ஒன்று, அதைத் திருத்தி 2017-ல் ஒன்று, குடியிருப்புகளுக்கென்று 2018-ல் ஈகோ நிவாஸ் சம்ஹிதா. சம்ஹிதை என்றாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஊர் எங்களுடையது. பயபக்தியோடுதான் திறந்தேன்.

அருமையான சட்டம், ஐயா. தளத்தின் வழியாக வீட்டுக்குள் இறங்கும் வெப்பத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறீர்கள்: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 1.2 வாட். மேலே எதுவும் போடாத வெறும் கான்கிரீட் தளம் இதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாக உள்ளே விடும். எங்களைப் போன்ற புழுக்கச் சீமையில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கிற ஜன்னல் இருக்கவேண்டும் என்கிறீர்கள். நம் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோனேன். யார் யாருக்குப் பொருந்தும் என்பதைப் பிறகுதான் படித்தேன். 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனை.

அதாவது 5,382 சதுர அடி. இரண்டேகால் கிரவுண்டு. எங்கள் தெருவில் அவ்வளவு பெரிய மனை பிள்ளையாருக்குக்கூட இல்லை. ஏழைகளுக்கு அரசு கட்டித்தரும் வீட்டின் அளவு 360 சதுர அடி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்படிப்பட்ட வீடுகள் பதினைந்தைச் சேர்த்தால் தங்கள் எல்லையைத் தாண்டிவிடலாம். ஆகவே பதினைந்து குடும்பங்கள் நடுச்சுவர்களை இடித்து, வாசல் ஒன்று, முகவரி ஒன்று என்று ஒரே வீடாக மாறிக்கொள்ள அனுமதி கேட்கிறோம். பதினைந்து மாமியார், பதினைந்து மருமகள், ஒரே அடுப்படி. அந்த வீட்டில் வெப்பம் குறையுமா என்பதற்கு நான் உத்தரவாதம் தரமுடியாது. சட்டத்துக்குள் வந்துவிடுவோம்.

இன்னொரு வழியும் இருப்பதாக மூலச் சட்டம் சொல்கிறது. 100 கிலோவாட் மின்பளு இருந்தால் கட்டடம் சட்டத்தின் கண்ணில் படும். எங்கள் வீட்டு ஃபேன் பழையது, 75 வாட். அப்படி 1,334 ஃபேன் மாட்டினால் போதும். மாட்டத் தளம்தான் பத்தாது.

மாட்டினாலும் ஓடவிட முடியாது என்பது வேறு விஷயம். இதைத் தங்கள் தொழில்நுட்பக் குழுவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்களுடையது நெசவுத் தெரு. பட்டுப் பாவு காற்றுக்கே கோபித்துக்கொள்கிற சாமான். ஃபேன் காற்று பட்டால் இழை காயும், காய்ந்தால் அறும். அறுந்த இழையைத் தேடிப்பிடித்து முடிச்சுப் போடுவதற்குள் பொழுது போய்விடும். கூலி புடவைக்குத்தானே தவிரப் பொழுதுக்கு இல்லை. தறியைக் குழியில் இறக்கியதில், மிதி மிதிக்கக் காலுக்கு இடம் என்பதோடு, மண்ணின் ஈரம் பாவைக் காக்கும் என்ற கணக்கும் உண்டு. அதனால் நெசவாளி தறியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஃபேனை நிறுத்துகிறார். தாங்கள் ஒட்டிய நட்சத்திரங்கள் தலைக்கு மேலே அசையாமல் நிற்கின்றன. கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தைத் தமிழக அரசு 2023-ல் 300 ஆக்கியது. நன்றி மறக்கவில்லை. நெய்கிற நேரத்தில் அதில் ஒரு விளக்கு எரிகிறது.

ஏசி போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். வாங்கக் காசிருந்தாலும் ஆகாது, ஐயா. அறையில் உள்ள ஈரத்தை உறிஞ்சி வெளியே சொட்டவிடுகிற எந்திரம் அது. பாவுக்கு எது உயிரோ அதைத்தான் முதலில் எடுக்கும். ஆக ஃபேனும் உதவாது, ஏசியும் உதவாது. நெய்கிறவனுக்கு மிச்சமிருப்பது தலைக்கு மேல் இருக்கிற கூரை ஒன்றுதான். அந்தக் கூரைக்குத்தான் தங்கள் புத்தகத்தில் இடமில்லை.

2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால், இனி ஏசியை 20 டிகிரிக்குக் கீழே இறக்கவோ 28-க்கு மேலே ஏற்றவோ முடியாதபடி செய்யப்போவதாக அறிவித்தார். நாடெங்கும் விவாதம் நடந்தது. எங்கள் டீக்கடையிலும் நடந்தது. 20-ஐப் பற்றி எங்களுக்குக் கருத்தில்லை. 28-க்கு மேலே போகக் கூடாது என்ற பகுதி எல்லோருக்கும் மிகவும் பிடித்துப்போனது. அதை ஏசிக்கு மட்டும் என்று சுருக்காமல் மே மாதத்துக்கும் பொருந்தும்படி ஆணை பிறப்பிக்க முடியுமா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார்கள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போகிற கம்பெனி பஸ்கள் விடியற்காலையிலேயே இந்தப் பக்கம் வந்துபோகின்றன. நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் ஏறுகிறார்கள். ஏன்டா தறியை விட்டே என்றால் சம்பளம், பி.எஃப். என்று சொல்லிக்கொண்டே வந்து, "அங்க ஏசி இருக்குப்பா" என்று முடிப்பார்கள். செல்போன் பாகத்துக்கு எத்தனை டிகிரி வேண்டும் என்று கேட்டுத்தான் அங்கே கட்டடமே எழுப்புகிறார்கள். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதை நெய்கிற உடம்புக்கு எத்தனை டிகிரி வேண்டும் என்று எந்தக் குறியீட்டிலும் எழுதவில்லை.

இனி சூட்டுக்கு வருகிறேன். குறைந்த கார்பனில் வீட்டைச் சூடாக்குவது எப்படி என்பது மேல்நாடுகளில் ஆட்சியையே ஆட்டுகிற பிரச்சினை. புதுக் குடியிருப்புகளில் வைக்கும் ஹீட்டர் 65 சதவீதம் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியில் ஓடவேண்டும் என்ற சட்டத்துக்காக ஜெர்மனியில் ஆளும் கூட்டணிக்காரர்கள் 2023-ல் ஒருவரோடொருவர் மல்லுக்கட்டினார்கள். 2024 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் பழைய பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் வைத்தால் 7,500 பவுண்டு மானியம். நம் காசுக்கு 8 லட்சத்துக்கும் மேல். எங்களுக்கு வீட்டைச் சூடாக்கச் செலவே இல்லை. அந்த வேலையைச் சூரியன் மானியம் கேட்காமல் பார்த்துக்கொள்கிறது.

எங்கள் ஊரில் சூடு தேவைப்படுகிற இடம் சாயப்பட்டறை. கச்சாப் பட்டு நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கோந்து. சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அவித்தால்தான் கோந்து இறங்கி மினுமினுப்பு வெளியே வரும். பிறகு சாயத்தொட்டி, அதுவும் கிட்டத்தட்டக் கொதிக்கிற பதம். நூலைக் கழியில் மாட்டி, முக்கி, புரட்டி, ஆவியில் முகம் வேக நிற்கிறார்கள். அடியில் விறகு எரிகிறது. மேலே சிமெண்ட் ஷீட். கத்திரி வெயில் மத்தியானத்தில் அங்கே ஐந்து நிமிஷம் நின்றால் தங்கள் விதித்தொகுப்பு முழுவதும் மனப்பாடமாகிவிடும்.

இந்த விறகுக் கணக்கில் எங்களுக்கு ஒரு பாக்கி வரவேண்டியிருக்கிறது. யார்க்‌ஷயரில் டிராக்ஸ் என்று ஒரு மின்நிலையம். ஒரு காலத்தில் நிலக்கரியில் ஓடியது. இப்போது பெரும்பாலும் வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் மரத்துகள் கட்டிகளை எரிக்கிறது. மரம் மறுபடி வளரும் என்பதால் அது புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்று கணக்கெழுதி, பிரிட்டிஷ் அரசு கோடி கோடியாக மானியம் கொடுத்திருக்கிறது. அந்தக் கணக்கு சரியென்றால் எங்கள் சாயப்பட்டறைகள் பல தலைமுறையாகப் பசுமை எரிசக்தி நிலையங்கள். வரதராஜப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் மூங்கில் கூடையில் இட்லி வேகவைக்கிறவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. நிலுவையை வட்டியோடு அனுப்பிவைக்கவும்.

கேலி போகட்டும். கிணற்றுத் தண்ணீர் 30 டிகிரியில் வருகிறது. தொட்டிக்கு 95 வேண்டும். மொட்டை மாடியில் வைக்கிற சாதாரண சோலார் ஹீட்டர் 60 வரை ஏற்றிக்கொடுக்கும். மிச்சத்தை மட்டும் அடுப்பு பார்த்துக்கொண்டால், தண்ணீர் காய்ச்சும் விறகில் பாதிக்குச் சற்றுக் குறைய மிச்சமாகும். இதற்கு ஜெர்மனியிலிருந்து நிபுணர் வரவேண்டாம். சாயப்பட்டறைக்காரருக்குத் தவணையில் ஒரு ஹீட்டர் போதும்.

குளிர்ச்சிக்கும் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். எங்களுடையது கோயில் ஊர். பிராகாரக் கல் காய்ந்து பக்தர்கள் கால் பொசுங்குகிறது என்று தமிழகத்துப் பெரிய கோயில்களில் கோடைதோறும் தென்னைநார் விரிப்பு போடுகிறார்கள். நடைபாதை நீளத்துக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கிறார்கள். கொதிக்கிற கல்லில் வெள்ளைக் கோட்டின் மேல் மட்டும் கால் வைக்க முடிகிறது. ஆக, தொழில்நுட்பம் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பாதம்வரை வந்த அது தலைக்கு ஏறவில்லை, அவ்வளவுதான்.

பழைய ஓட்டு வீடுதான் சொர்க்கம், முற்றம் என்ன, திண்ணை என்ன என்று சென்னையிலிருந்து வந்து படம் பிடித்துப் போகிறவர்களை நம்பாதீர்கள். நாட்டு ஓட்டைக் குரங்கு பிரித்துப்போட்டு, ஐப்பசியில் பாவின் மேல் மழை ஒழுகிய வீட்டில் அவர்கள் இருந்ததில்லை. மச்சு வீடு வேண்டும் என்று கேட்டவர்கள் நாங்கள்தான். கேட்டதில் தப்பும் இல்லை. முன்பெல்லாம் தளம் போட்டால் அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டு, தட்டோடு பதிப்பார்கள். இப்போது கடன் வாங்கிக் கட்டுகிறவனுக்குக் கம்பியும் சிமெண்டும் வாங்குவதோடு காசு தீர்ந்துவிடுகிறது. தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, நாங்கள் படுத்ததும் எங்கள்மேல் கக்குகிறது.

அரசுகள் சும்மா இருக்கவில்லை. 2011-ல் ஜெயலலிதா அரசு பசுமை வீடு திட்டம் கொண்டுவந்தது. 300 சதுர அடி கான்கிரீட் வீடு, கூரைமேல் சூரியத் தகடு, உள்ளே ஐந்து விளக்கு. தகட்டில் விழுந்த வெயில் விளக்காயிற்று. தகடு மூடாத இடத்தில் விழுந்த வெயிலுக்குத் திட்டத்தில் தலைப்பு இல்லை. 2024-ல் ஸ்டாலின் அரசு கலைஞர் கனவு இல்லம் அறிவித்தது. 2030-க்குள் 8 லட்சம் வீடு, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். அதே ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவும் அறிவித்தார்கள். வெப்பத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம். இரண்டு அரசாணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், வெயிலிலிருந்து ஒதுங்கக் கொடுப்பதைவிட வெயிலில் போய்ச்சேர்ந்தால் 50,000 ரூபாய் அதிகம்.

வீடு கட்டுவது மாநிலத்தின் பாடு, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று தாங்கள் பதில் எழுதலாம். மாநிலத்தில் கேட்டால் விதி தில்லியுடையது என்பார்கள். ஊராட்சியில் கேட்டால் வீட்டு வரி கட்டியாச்சா என்பார்கள். ஆனால் 2022-ல் தங்கள் சட்டத்தைத் திருத்தியபோதே, மின்பளு வரம்பை மாநிலங்கள் குறைத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டீர்கள். விதி சின்ன வீடுவரை இறங்காது என்று யாரும் சொல்லவும் முடியாது. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது தமிழ்நாட்டில் ஒண்டுக் குடித்தன வீட்டுக்கும் குழாய் வந்தது. அந்தக் குழாய்களில் பல இன்று பொம்மையாகத் தொங்குவது உண்மைதான். சட்டம் வாசல்வரை வந்ததும் உண்மை. பக்கத்தில் தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கை வெளியிட்டு, அரசு கட்டித்தரும் எளியவர் வீடுகளையும் அதற்குள் கொண்டுவந்தது.

எனவே தாங்கள் செய்யவேண்டியது இதுதான். மனையின் அளவு எதுவானாலும், அரசுப் பணத்தில் எழும்பும் ஒவ்வொரு வீட்டுக்கும் தங்கள் கூரை விதி பொருந்தும் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வீட்டு மதிப்பீட்டில் கம்பி, சிமெண்ட், ஜல்லி என்று போகிற பட்டியலின் அடியில் 'தளத்தின் மேல் தட்டோடு அல்லது வெள்ளை ஓடு' என்று சேர்த்து, அதற்குரிய பணத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கு வருஷம் ஒருமுறை சித்திரைக்கு முன்னால் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு. மழையில் கரையும், மறு வருஷம் மறுபடி அடிக்கலாம். 360 சதுர அடி ஒரு ஆளுக்கு ஒரு நாள் வேலை.

இதைச் செய்ய முடியாதென்றால், மேற்படி பதினைந்து வீட்டுக் கூட்டுக்குடும்பத்துக்கான அனுமதியை மறு தபாலில் அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
360 சதுர அடிக்காரன்.

நகல்: ஊரக வளர்ச்சித் துறை, சென்னை. தக்க நடவடிக்கைக்காக, கத்திரிக்கு முன்பாக.