பெருமூச்சு: ஓர் உடலியல், குடும்பவியல் ஆய்வு

வழக்கமான மூச்சு ஒன்று உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே, அது முடிவதற்குள் அதன் தலைமேல் இன்னொரு மூச்சு ஏறிக்கொள்வதும், பிறகு இரண்டும் சேர்ந்து ஒரே வீச்சில் வெளியேறுவதும் பெருமூச்சு எனப்படும். சாதாரண மூச்சில் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் காற்று போய்வருகிறது. பெருமூச்சில் இதைப்போல இருமடங்கு, சில வேளை அதற்கும் மேல். வெளியேறிய பின் மூச்சு ஒரு சில நொடி தயங்கி நிற்கும். பக்கத்தில் இருப்பவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பது இந்தத் தயக்கத்தின்போதுதான். ஆகையால் பெருமூச்சை உடலியல், குடும்பவியல் ஆகிய இரு துறைகளிலும் வைத்து ஆராய வேண்டியிருக்கிறது. முதல் துறைக்கு ஆய்வகங்களும் எலிகளும் உள்ளன. இரண்டாவது துறை முழுக்கவும் மாமியார்கள், மருமகள்கள், ஓய்வுபெற்ற தகப்பனார்கள் ஆகியோரின் சொந்த உழைப்பில் வளர்ந்தது.

கொட்டாவி, விக்கல், குறட்டை ஆகியவை இவ்வாய்வுக்குள் வரமாட்டா. கொட்டாவி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது. அதில் உள்நோக்கம் கிடையாது. விக்கல் உதரவிதானத்தின் திடீர்த் துடிப்பு. குறட்டையால் அவதிப்படுபவர் குறட்டை விடுபவர் அல்லர் என்பதால், அதை மூச்சியலில் சேர்ப்பதா சட்டத்தில் சேர்ப்பதா என்பதே தெளிவாகவில்லை.

மூச்சின் வேலை ஒரு பண்டமாற்று. உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். வெளியே வருவதில் 16 சதவீதம். கார்பன் டை ஆக்சைடு போகும்போது 0.04 சதவீதம், வரும்போது 4 சதவீதம். வாங்கிய ஆக்சிஜனில் பெரும்பகுதியைத் தொடாமலே திருப்பிக் கொடுக்கிறோம் என்பது இதிலிருந்து தெரியும். மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதினால் பயன் கிடைப்பதும் இதனால்தான். 500 மில்லிலிட்டரில் சுமார் 150, மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் என்று வழியிலேயே நின்று அப்படியே திரும்பிவிடுகிறது. மீதி 350 உள்ளே போய்ச் சேரும்போது அங்கே ஏற்கெனவே இரண்டேகால் லிட்டருக்குக் குறையாமல் பழைய காற்று உட்கார்ந்திருக்கும். ஆகவே ஒரு மூச்சில் புதுப்பிக்கப்படுவது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. மனிதன் மாற்றத்தை மெதுவாக ஏற்பவன் என்பது நுரையீரல் மட்டத்திலேயே உறுதியாகிறது. திமிங்கிலம் இந்த விஷயத்தில் தீவிரவாதி. நீர்மட்டத்துக்கு வந்து ஓரிரு நொடிகளில் நுரையீரல் காற்றில் 80 முதல் 90 சதவீதத்தை மாற்றிக்கொண்டு மறுபடியும் மூழ்கிவிடும்.

பண்டமாற்று நடக்கும் இடம் காற்றறைகள். ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீட்டர் அளவில், இரண்டு நுரையீரல்களிலுமாக 30 கோடி முதல் 50 கோடி வரை. எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி. சென்னையில் இந்தப் பரப்பு இலவசமாகக் கிடைக்கும் ஒரே இடம் இதுதான். காற்றறையின் சுவரை ஒட்டி ஓடும் நுண்குழாயில் ஒரு சிவப்பணு முக்கால் நொடிதான் நிற்கிறது. அதில் கால் நொடிக்குள்ளாகவே ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு முடித்துவிடுகிறது. மிச்ச அரை நொடி அதற்கு ஓய்வு.

இத்தனை நேர்த்தியான ஏற்பாட்டில் ஒரு கோளாறு உண்டு. காற்றறைகளின் உட்புறம் ஈரமாக இருக்கிறது. ஈரப்படலத்தின் பரப்பு இழுவிசை சின்ன அறைகளைச் சுருக்கி மூடப் பார்க்கும். மூடிய அறை, நனைந்த பிளாஸ்டிக் கவர் போல ஒட்டிக்கொள்ளும். மெல்ல ஊதினால் பிரியாது, ஒரே தம்மாக ஊத வேண்டும். இந்த இழுவிசையைக் குறைப்பதற்காக நுரையீரல் தானே ஒரு வழுவழுப்பான கொழுப்புக் கலவையைச் சுரக்கிறது. மருத்துவர்கள் இதை சர்ஃபாக்டன்ட் என்பார்கள். 1959இல் அமெரிக்க மருத்துவர் மேரி எலன் ஏவரி, ஜெரி மீடுடன் சேர்ந்து, குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பதற்கு இந்தச் சுரப்பு போதாமையே காரணம் என்று காட்டினார். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த மகன் பாட்ரிக் இதே நோயால் 39 மணி நேரத்தில் இறந்தான். வெளியிலிருந்து சர்ஃபாக்டன்ட் கொடுத்துக் குழந்தைகளைப் பிழைக்க வைக்கும் முறையை ஜப்பானில் ஃபுஜிவாரா குழுவினர் 1980இல் வெளியிட்டனர். கட்டுரையின் போக்குக்கு ஒவ்வாத செய்திதான். ஆனால் பெருமூச்சு எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்வதில்லை.

சுரப்பு சரியாக இருந்தாலும் அமைதியான சின்ன மூச்சுகளையே தொடர்ந்து விட்டுக்கொண்டிருந்தால் அங்கங்கே சில அறைகள் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். அவற்றைத் திறக்கவே பெருமூச்சு. அந்த நீட்சியில் சர்ஃபாக்டன்ட்டும் புதிதாகச் சுரக்கிறது. மனிதன் ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, மணிக்குப் பன்னிரண்டு தடவை பெருமூச்சு விடுகிறான். தூக்கத்திலும் விடுகிறான். கடன் இல்லாதவரும் விடுகிறார், மகளுக்கு நல்ல இடம் அமைந்துவிட்டவரும் விடுகிறார். இது குடும்பவியலாளர்களுக்குக் கசப்பான உண்மை. ஒரு நாளில் விடப்படும் பெருமூச்சுகளில் மிகப் பெரும்பான்மை யாரைப் பற்றியதும் அல்ல.

1963இல் பெண்டிக்சன் முதலியோர், மயக்க மருந்தின் பிடியில் இயந்திரத்தின் உதவியால் ஒரே சீராக மூச்சு விட்ட நோயாளிகளின் ரத்தத்தில் ஆக்சிஜன் மெல்ல இறங்குவதையும், இடையில் சில பெரிய மூச்சுகளை ஊட்டியதும் அது மறுபடி ஏறுவதையும் கண்டார்கள். அதன் பிறகு சில வென்டிலேட்டர்களில் பெருமூச்சுக்கென்றே ஒரு திருகு வைக்கப்பட்டது. இன்றைக்கு அறுவை சிகிச்சை முடிந்தவர் கையில் மூன்று பந்துகள் கொண்ட பிளாஸ்டிக் கருவியைக் கொடுப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான். அதை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சினால்தான் பந்து எழும். பெரும்பாலான வீடுகளில் முதல் நாள் முழுக்க நோயாளி அதை ஊதுகிறார், பந்து அசைவதில்லை, கருவி சரியில்லை என்று தீர்மானிக்கப்படுகிறது. அடுத்த வாரம் அது பேரக்குழந்தையின் உடைமையாகி, பந்துகள் மூன்றும் உச்சியில் நிற்கின்றன.

பெருமூச்சுக்கான உத்தரவு புறப்படும் இடம் மூளைத்தண்டு. அங்கே மூச்சின் தாளத்தைப் பிறப்பிக்கும் நரம்பணுக் கூட்டத்துக்கு ‘முன்-போட்ஸிங்கர் தொகுதி’ என்று பெயர். 1978இல் ஜெர்மனியில் நடந்த ஒரு மாநாட்டின் விருந்தில், அமெரிக்க ஆய்வாளர் ஜாக் ஃபெல்ட்மன், மேசைமேல் இருந்த வெள்ளை ஒயின் பாட்டிலின் பெயரை மூளையின் ஒரு பகுதிக்குச் சூட்டினார். 1991இல் அதற்கு அடுத்தாற்போல் மூச்சுத் தாளத்தின் இருப்பிடம் அடையாளம் காணப்பட்டபோது ‘முன்’ என்ற அடைமொழி மட்டும் கூடியது. மனித குலம் முழுவதன் மூச்சும் ஒரு மதுப்புட்டியின் பெயரில் ஓடிக்கொண்டிருப்பதை மதுவிலக்குப் பிரசாரகர்கள் இன்னும் கவனிக்கவில்லை.

2016இல் ஃபெல்ட்மனும் மார்க் கிராஸ்னோவும் தத்தம் குழுவினருடன் சேர்ந்து, பெருமூச்சுக்கென்றே தனி நரம்பணுக்கள் இருப்பதையும், அவை இரண்டு சிறு புரதத் துணுக்குகள் மூலம் தாளத் தொகுதிக்குச் செய்தி அனுப்புவதையும் எலிகளில் காட்டினார்கள். எலி மணிக்குச் சுமார் 40 தடவை பெருமூச்சு விடும் பிராணி. அந்தத் துணுக்குகளை மூளையில் செலுத்தியபோது எண்ணிக்கை 400ஐ எட்டியது. செய்தியைத் தடுத்தபோது பெருமூச்சு மட்டும் நின்று, மற்ற மூச்சு வழக்கம்போல் ஓடியது. இத்துணுக்குகளின் நெருங்கிய உறவான பாம்பெசின் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது ஓர் ஐரோப்பியத் தேரையின் தோலிலிருந்து. தேரைக்கு எதற்கு என்று கேட்கலாம். அது தோலாலும் மூச்சு விடும் பிராணி, அதன் கவலைகள் வேறு.

பிற உயிரினங்களில் பெருமூச்சு எங்கே தேவைப்படாது என்று பார்ப்பதும் பயனுள்ளது. மண்புழு ஈரத்தோல் வழியாகவே காற்றை மாற்றிக்கொள்கிறது. கரப்பான்பூச்சிக்கு உடலின் பக்கவாட்டில் துளைகள். அங்கிருந்து கிளம்பும் குழல்கள் ஆக்சிஜனைத் திசுக்களின் வாசல்வரை கொண்டுபோய்க் கொடுப்பதால் இந்த வேலைக்கு ரத்தத்தின் தயவே வேண்டியதில்லை. மீனின் செவுளில் தண்ணீர் ஒரு திசையிலும் ரத்தம் எதிர்த்திசையிலும் ஓடுகின்றன. காற்றைவிட மிகக் குறைந்த ஆக்சிஜன் கொண்ட தண்ணீரிலிருந்து அதில் பெரும்பகுதியைப் பிடுங்கிவிடும் கெட்டிக்காரத்தனம் இதனால் வருகிறது. பறவையின் நுரையீரல் விறைப்பானது. அதில் சுருங்கி மூடும் காற்றறைகளே இல்லை. காற்றுப்பைகள் துருத்திபோல் இயங்க, காற்று ஒரே திசையில் கடந்து போகிறது. மூடாத கதவைத் திறக்க வேண்டியதில்லை என்ற வகையில் காகத்துக்குப் பெருமூச்சு அவசியமற்றது. பனையேறிக் கெண்டை ஓர் இடைநிலை. செவுளோடு தலைக்குள் ஒரு தனி உறுப்பையும் வைத்துக்கொண்டு காற்றையே நேரடியாக விழுங்கும் இம்மீன் தரங்கம்பாடியில் ஒரு பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக, டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப் 1797இல் வெளியான தம் கட்டுரையில் எழுதினார். ஏறி முடித்ததும் அது பெருமூச்சு விட்டதா என்பதை அவர் குறிப்பிடவில்லை.

இனிக் குடும்பவியல். பெருமூச்சின் மனப்பக்கத்தை முறையாக ஆராய்ந்தவர் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் கார்ல் ஹால்வர் டெய்கன். விடை காண இயலாத புதிர்களைக் கொடுத்து மாணவர்களை உட்காரவைத்தார்; பெருமூச்சு கவனிக்கப்படுவதை அவர்களிடம் சொல்லவில்லை. பெரும்பாலோர் பெருமூச்சு விட்டனர். ஒரு முயற்சியைக் கைவிட்டு அடுத்ததைத் தொடங்குமுன் உள்ள இடைவெளியில்தான் அது அதிகம். இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிட முக்கியமானது. பிறர் பெருமூச்சு விட்டால் அவருக்கு ஏதோ துக்கம் என்று நினைக்கிறோம். அதையே நாம் விட்டால் சலிப்பு, ‘இது ஆகாது’ என்ற முடிவு என்று கணக்கு வைக்கிறோம். இதற்காக டெய்கனுக்கு 2011இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த எவருக்கும் இதில் சிரிக்க எதுவும் இல்லை.

வீட்டுப் பெருமூச்சை முகவரி இல்லாதது, முகவரி உள்ளது என்று பிரிக்கலாம். முதல் வகை இறக்குமதிப் பெருமூச்சு: பையை இறக்கி, செருப்பை இறக்கி, உடம்பை நாற்காலியில் இறக்கும்போது வருவது. ‘அப்பாடா’ என்று முடியும். ‘முருகா’, ‘ஏசப்பா’, ‘யா அல்லாஹ்’ என்று முடிவதும் உண்டு. நுரையீரல் இவற்றுக்கிடையே வேறுபாடு பாராட்டுவதில்லை. முகவரி உள்ள பெருமூச்சு நடுக்கூடத்தில் விடப்பட்டாலும் அடுப்படிவரை கேட்கும். அப்படிக் கேட்பதற்கு மேல் அது ஒரு மில்லிலிட்டர்கூட வீணாக்காது. இலக்கானவர் திரும்பாவிட்டால் சிறிது நேரத்தில் அதே பெருமூச்சு கூடுதல் ஒலியோடு மறுபதிப்பு காணும். மூன்றாவதும் பலிக்காவிட்டால் பொறுப்பு பாத்திரங்களுக்கு மாற்றப்படுகிறது.

மூன்றோடு நிற்பதற்கு உடலியல் நியாயமும் இருக்கிறது. மூச்சின் வேகத்தை முக்கியமாக ஆள்வது ஆக்சிஜன் பசி அல்ல, ரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடின் அளவு என்று ஜான் ஸ்காட் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இல் நிறுவினார்கள். அடுத்தடுத்துப் பெருமூச்சு விட்டால் அந்த வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். ரத்தத்தின் அமிலத்தன்மை குறையும். மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும், விரல்நுனியும் உதட்டோரமும் மரமரக்கும். வருத்தத்தைத் தெரிவிக்கக் கிளம்பியவர் உண்மையிலேயே மயங்கி விழுந்து, தெரிவித்ததற்கு மேலேயே நிரூபித்துவிடும் அபாயம் உண்டு.

முகவரி உள்ள பெருமூச்சுக்கு வழக்கமான பதில் ‘என்னம்மா?’ என்பது. அதற்கு வழக்கமான மறுமொழி ‘ஒண்ணுமில்லடா’. இந்த மறுமொழியைத் தரவாக ஏற்க முடியாது என்பதே துறையின் மிகப் பெரிய முறையியல் சிக்கல். கேட்காமல் கவனித்தால் பாராமுகம்; கேட்டுவிட்டால் சோதனைக்கு உட்பட்டவர் தாம் கவனிக்கப்படுவதை அறிந்துவிடுகிறார். டெய்கனுக்கு இருந்த வசதி, அவர் தம் மாணவர்களோடு சாப்பிட உட்கார வேண்டியிருக்கவில்லை.

பெருமூச்சு மிகுந்தவருக்கு எக்ஸ்ரே, ஈசிஜி எல்லாம் எடுத்து ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு மருத்துவர் செய்யக்கூடியது ஆறுதல் சொல்வதுதான். எதிர்த்திசையில், பெருமூச்சையே மருந்தாகத் தரும் முயற்சியும் நடந்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், மூக்கால் ஒரு மூச்சிழுத்து, அதன்மேல் இன்னொரு சிறு மூச்சும் இழுத்து, வாயால் நெடுநேரம் மெல்ல விடுவதை நாளுக்கு ஐந்து நிமிடம் ஒரு மாதம் செய்தவர்களின் மனநிலை, அதே நேரம் தியானத்தில் உட்கார்ந்தவர்களுடையதைவிடக் கூடுதலாக மேம்பட்டது. இப்பயிற்சியைக் கூட்டுக் குடும்பத்தில் மேற்கொள்பவர் முதல் நாளே எல்லோரையும் கூட்டி வைத்து, இது யாரையும் குறித்தது அல்ல என்று அறிவித்துவிட வேண்டும். அறிவிப்பை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பதும் உண்டு. அப்படி ஒட்டினால், யாரைக் குறித்து ஒட்டியது என்ற கேள்விக்கும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பது அவசியம்.