சம்பளச் சீட்டைப் படிக்கிற வித்தை

வாங்க உத்தியோகத்தரய்யா, கதிரையில உக்காருங்க. கண்டியில அரசாங்கக் கந்தோர் உதவியாளர வாடா போடான்னு கூப்பிட்டா அரசாங்கத்துக்கே அவமரியாதையாப் போயிரும். அந்தச் சம்பளச் சீட்ட இப்படிக் குடு. என் கண்ணாடி எங்க?

மூஞ்சி ஏன் சுருங்கிக் கெடக்கு? 24,250 ரூவா அடிப்படைச் சம்பளத்த 40,000 ஆக்குறோம்னு 2025 பட்ஜெட்ல சொன்னாங்க. கணக்குப் பாத்தா நெசமாக் கூடுறது 8,250தான், அதுவும் 2027 ஜனவரி வரைக்கும் மூணு தவணையில. மிச்சம் 7,500 ஏற்கனவே நீ வாங்கிட்டு இருந்த கொடுப்பனவு. ஏமாத்திட்டாங்கன்னு கந்தோரே பொருமுதாக்கும்?

பொருமு, நல்லாப் பொருமு. அதுக்கும் சேத்துத்தான் சம்பளம். ஆனா பேராண்டி, அந்த 7,500தான் இதுல தங்கம். கொடுப்பனவுங்கிறது விருந்தாளி மாதிரி, நீ பென்சன் போற அன்னைக்கு வாசலோட நின்னுக்கும். பென்சனுக்குக் கணக்கெடுக்கிறது அடிப்படைச் சம்பளத்த. அந்த 7,500 இப்ப அதுக்குள்ள வந்துருது.

இத எந்தக் கந்தோர்லயும் நான் படிக்கல. 2016ல தோட்டத்துக் கூட்டு ஒப்பந்தத்துல நாள் சம்பளம் 730ன்னு வெடி கொளுத்துனாங்க. உங்கம்மா சீட்டப் பிரிச்சுப் பாத்தேன்: அடிப்படை 500, வரவுக்கு 60, கொழுந்து கூட எடுத்தா 140, விலைப் பங்கு 30. சேமலாப நிதி கழிச்சது அந்த 500க்கு மட்டும். தலைவருமாருக்கு 730, உங்கம்மா கெழவியான பொறகு 500. அன்னையில இருந்து எந்தக் கட்சிக்காரன் சம்பளம் கூடுதுன்னாலும், எந்த வரியிலய்யா கூடுதுன்னு கேப்பேன். பதில் சொல்லாமத் தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போயிருவாங்க.

இந்தச் சூட்சுமம் அரசாங்கத்துக்கு ரொம்ப நல்லாத் தெரியும். வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 7,800 இருந்ததை 2024ல 17,800 ஆக்கினாங்க. கையில காசு, கணக்குல பாரமில்ல. அடிப்படையில கை வைக்கச் சொன்னா மட்டும் லேசுல நகராது: டீச்சர்மாரோட சம்பள முரண்பாடு 1997ல தொடங்கினது, 2021ல அவங்க மூணு மாசத்துக்கு மேல பாடத்த நிப்பாட்டின பொறகுதான் அசைஞ்சது. கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியில சம்பள முரண்பாடு பேசாத எடம் மேல இருக்கிற கத்தோலிக்கக் குருமடம் ஒண்ணுதான். அங்க படிக்கிறவங்களுக்குப் பென்சன் வேற எடத்துல.

ஆளெடுக்கிற அழகு இன்னும் விசேஷம். 2020ல பட்டதாரிமார் அம்பதாயிரம் பேருக்குக் கிட்ட ஒரேயடியா வந்தாங்க, கதிரைதான் வந்து சேரல. பொறகு 2022ல காசு தீந்ததும் அஞ்சு வருஷம் சம்பளமில்லா லீவு எடுத்து வெளிநாடு போங்கன்னாங்க. பென்சன் வயச 65 ஆக்கி, அதே வருஷம் மறுபடி 60க்கு இறக்கினாங்க. 60 தாண்டியும் வேலையில இருந்தவங்க டிசம்பர் 31ஆந் தேதி ஒண்ணா வெளிய வந்தாங்க.

ஆனா என் மனசக் குளிர வச்சது அந்த வருஷத்து ஜூன் மாசம்தான். சாப்பாட்டுத் தட்டுப்பாடு வருது, வெள்ளிக்கிழமை லீவு எடுத்து வீட்டுத் தோட்டம் செய்ங்கன்னு அமைச்சரவை சொல்லிச்சே, ஞாபகம் இருக்கா? கந்தோர்காரர் மம்பட்டி எடுத்தா முழுச் சம்பளம். நம்ம சனம் ஆறு தலைமுறையாத் தோட்டம் செய்யுது, கொழுந்து நிறுவையில கிலோ கொறஞ்சா அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். இந்தச் சுற்றுநிருபம் எங்க லயத்துக்கு மட்டும் வரவேயில்ல.

உனக்கு நிறுவை கிடையாது, சந்தோஷப்படு. வருஷா வருஷம் ஒரு படிவம். 'வேலை திருப்தி'ன்னு மேலதிகாரி கையெழுத்து வைப்பாரு, சம்பள ஏற்றம் வந்துரும். ஓடினவனுக்கும் அதே ஏற்றம், ஃபைலத் தலைக்கு வச்சுத் தூங்கினவனுக்கும் அதே ஏற்றம். அப்ப நீ ஏன் ஓடணும்? சும்மா கேட்டேன், கோவிக்காத. நாட்டுல பதினஞ்சு பதினாறு பேருக்கு ஒரு அரச ஊழியர். அந்தப் பதினஞ்சுல நானும் ஒருத்தன், என் பொறப்புச் சாட்சிப்பத்திரத் திருத்தம் உங்க கந்தோர் மாதிரி ஒரு எடத்துலதான் கெடக்குது. எந்த மேசைன்னு கேக்கமாட்டேன், மேசைக்கே தெரியாது.

நெசமாச் சொல்றேன், இத மட்டும் கேளு. தடைதாண்டல் சோதனையும் சிங்களச் சோதனையும் தள்ளிப் போடாத. யூனியன்காரர் கூப்பிட்டாப் போ, ஆனா கோஷம் போட முந்தி கேக்கிற காசு அடிப்படையிலயா கொடுப்பனவுலயான்னு கேட்டுட்டுப் போடு. சீட்டெல்லாம் ஒரு ஃபைல்ல கோத்து வை. பென்சன் கணக்குப் பிழைச்சா நிரூபிக்க வேண்டியது நீதான், கந்தோர் இல்ல.