மினெர்வா பெயர்க்காரண இயல்

பெயர் இருவகைப்படும்: இடுகுறிப்பெயர், காரணப்பெயர். கலைக்கும் கைத்தொழிலுக்கும் உரிய ரோமானியத் தெய்வம் மினெர்வாவின் பெயரை இடுகுறி என்று விட்டுவிட எளிதில் எந்தப் புலவருக்கும் மனம் வராது. காரணம் கண்டாரோ நால்வகைப்படுவர்.

முதல்வர், ஒலி பிடிப்பார். சிசரோவின் 'தெய்வங்களின் இயல்பு' நூலில் பேசும் பால்பஸ் இவ்வகை. 'மினுவேரே' என்றால் குறைத்தல். 'மினாரி' என்றால் மிரட்டுதல். ஆதலின் அவள் குறைப்பவள், அன்றேல் மிரட்டுபவள். நீந்துதலைக் குறிக்கும் 'நாரே'யிலிருந்து நெப்டியூனையும் அவர் வருவித்தார். ஓரெழுத்து ஒத்தால் போதும் உமக்கு, நெப்டியூனைவிட நீர்தான் அதிகம் நீந்துகிறீர் என்ற பொருள்படக் கோட்டா அதே நூலில் மடக்குகிறார்.

இரண்டாமவர், குணம் பார்ப்பார். நல்லுரை சொல்பவள் ஆதலால் 'மொனேரே' என்ற வினையடி என்பது ஃபெஸ்டஸ் அகராதி தரும் விளக்கம்.

மூன்றாமவர், ஊர் மாற்றுவார். வார்ரோ அவளைச் சபைன் நாட்டாள் என்றார். எட்ருஸ்கர் தம் வெண்கலக் கண்ணாடிகளில் 'மென்ர்வா' என்று பொறித்ததைக் காட்டி, அவள் அந்த வீட்டுப் பெண் என்பாரும் உளர்.

நான்காமவர், விண்மீன் இடுவார். எவரும் எழுதிவைக்காத சொல்லை ஒலிவிதியால் மீட்டு, அதன் தலையில் ஒரு விண்மீன் குறி வைப்பர். பழைய வடிவம் 'மெனெர்வா' என்பதற்குக் குவின்டிலியன் சாட்சி. லத்தீனில் இரண்டு உயிருக்கு நடுவே நின்ற பழைய ஸகரம் ரகரமாகும்: 'கெனுஸ்' வேற்றுமை ஏற்றால் 'கெனெரிஸ்'. அந்த ரகரத்தைத் திருப்பி அனுப்பினால் கிடைப்பது *மெனெஸ், அதாவது சிந்தை. வடமொழி 'மனஸ்' இதன் உடன்பிறப்பு. நம் வீட்டுக்கு வந்து 'மனசு' ஆனதும் அதுவே. 'மொனேரே'யும் இவ்வேர்வழி வந்ததே. விதி அறியாமலே ஃபெஸ்டஸ் சரியான தெருவுக்கு வந்துவிட்டார்.

இந்நால்வருள் தலையாயவர் யாவர்? பயன் நோக்கின் ஒலி பிடிப்பாரே. மார்ச் 19இல் தொடங்கும் மினெர்வா விழாவுக்குக் 'குவின்குவாத்ருஸ்' என்று பெயர். 15ஆம் நாளிலிருந்து எண்ணினால் ஐந்தாம் நாள் என்பது அதன் பொருள். விழா ஒரே நாள்தான். பெயரில் ஐந்து காதில் பட்டதும் மக்கள் ஐந்து நாள் கொண்டாடினர்; பெயரால் வந்த பிழை என்று வார்ரோ குறித்திருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறையும் அப்போதுதான்.

பிழையான காரணம் நான்கு நாளைக் கூட்டித் தந்தது. சரியான காரணம் இன்றுவரை அரை நாள்கூடத் தந்ததில்லை.