சூலம் ஏந்திய அக்கா

கேள்வி: ‘ராஜி’ கேமைப் பற்றி எங்கள் நண்பர்களுக்குள் ஒரே சண்டை. நல்ல கேமா, இல்லையா?
– ஒரு வாசகர், திருக்கோவில்

பதில்: தொலைந்த தம்பியைத் தேடி அசுரரோடு மோதும் அக்காவை எப்படிக் கைவிடுவது? என் வாக்கு அவளுக்கே! சித்திரவேலாயுத முருகனின் ஊர்க்காரரான உங்களுக்கு, துர்க்கை தரும் சூலத்தோடு ஒரு பெண் தூணில் ஏறிச் சுழன்று பாய்வதன் அழகைச் சொல்லித் தரவேண்டியதில்லை. ராஜஸ்தான் கோட்டைகளும் சுவரோவியங்களும் நின்று பார்க்க வைக்கும். கதையின் ஒரு பகுதியை நிழற்பாவைகளே சொல்கின்றன. புனேயின் ஒரு சிறு குழு, 2017இல் கிக்ஸ்டார்ட்டர் நிதி திரட்டலில் கேட்ட பணம் சேராமலும் விடாது உழைத்து 2020இல் இதை வெளியிட்டது.

குறையும் உண்டு. அசுரர் வகை குறைவு. பாதி தாண்டினால் அதே அடிதான். தள்ளி நிற்கும் கேமராவில் சில தாவல்கள் கணக்குத் தப்பும். ‘எல்டன் ரிங்’ கேமைப் போல ஆயுதம், ஆற்றல் என்று பாத்திரத்தை விரும்பியபடி வளர்க்க இடம் மிகக் கொஞ்சம். ஐந்தாறு மணித்தியாலத்தில் முடிந்தும்விடும், அதுவும் தொங்கலில்! அடுத்த பாகம் கேட்டுச் சண்டை பிடியுங்கள், நானும் வருகிறேன்.