அன்புக்கு மார்க் போடுவது எப்படி?

முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு அகப்பட்டுவிட்டது: புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்குச் சமூக ஆதரவு எவ்வளவு? இனி வேண்டியது ஒரு வினாத்தாள். அதைச் சொந்தமாக எழுதிக் கஷ்டப்படாதீர்கள். 1988இல் ஸிமெட்டும் கூட்டாளிகளும் செய்த 12 கேள்விகள் இருக்கின்றன. 1991இல் ஷெர்போர்னும் ஸ்டூவர்ட்டும் அமெரிக்காவின் நாள்பட்ட நோயாளிகளுக்காகச் செய்த 19 கேள்விகளும் இருக்கின்றன. 19ஐ எடுங்கள். கேள்வி கூடினால் ஆல்பா கூடும். அது என்ன ஆல்பா என்பதைப் பிறகு பார்ப்போம்.

மொழிபெயர்ப்புக்கு 1970இல் பிரிஸ்லின் வழி சொல்லிவிட்டார். ஒருவர் தமிழாக்க வேண்டும்; மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். இருவரும் ஒரே விடுதி அறைக்காரர்களாக இருந்தால் அச்சு அசலாகப் பொருந்தும். தமிழ் விறைப்பாக இருப்பதும் முக்கியம். ‘தாங்கள் படுக்கையில் இருக்க நேரிடும் பட்சத்தில் தங்களுக்கு உதவக்கூடிய நபர் எவ்வளவு நேரம் கிடைக்கப்பெறுகிறார்?’ செங்கத்திலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்த அம்மா, “எந்த நபரும்மா?” என்பார். மருமகளைத்தான் கேட்கிறீர்கள் என்று அவரே முடிவுக்கு வந்து, “அவ இருப்பா, எங்க போவா” என்பார். ‘எல்லா நேரமும்’ என்ற 5இல் டிக் போடுங்கள்.

கட்டி அணைப்பவர் உண்டா என்ற கேள்வியை நீக்காதீர்கள். நீக்கினால் வெளிநாட்டு ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். அருகில் நிற்கும் கணவர் தொண்டையைச் செருமி, “எல்லா நேரமும்னே போட்டுக்கங்க” என்பார்.

ஆம், குடும்பம் அருகில்தான் நிற்க வேண்டும். புறநோயாளிப் பிரிவின் வரிசையை விட்டு அம்மாவைத் தனியாக அழைத்துப் போய்விடாதீர்கள். ஆதரவு தருகிறவர் ஃபைலோடு பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் மதிப்பெண் குறையவே குறையாது. ஒரே சிக்கல், வீட்டில் அவரிடம் ‘கட்டி’ என்றுதான் சொல்லி வைத்திருப்பார்கள். மகன் கண்ணைக் காட்டுவார். தலைப்பில் ‘புற்றுநோய்’ என்று இருக்குமிடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, அந்நோயிலிருந்து மீண்ட அனுபவத்தைக் கேளுங்கள்.

மருத்துவரிடம் கூட்டிப்போக ஆள் உண்டா? உண்டு. நோயாளிக்குக் கட்டணச் சலுகை தரும் ரயில்வே, துணைக்கு வரும் ஒருவருக்கும் சேர்த்தே தருகிறது. துணைக்கு வந்தவரின் அன்றைய கூலி போனதைப் பற்றி 19இல் எதுவும் கேட்பதில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

சமைத்துத் தர ஆள் உண்டா? எல்லா நேரமும் உண்டு. ஆனால் அந்தச் சோறு தனித் தட்டில், தனி டம்ளரோடு, எங்கே ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தோடு திண்ணைக்கு வருகிறது என்று, கணவர் மாத்திரை வாங்கப் போன சமயம் பார்த்து அம்மா சொல்வார். தட்டுக்குக் கட்டம் இல்லை. “அடுத்த கேள்விங்கம்மா” என்று நகருங்கள். கீமோ நாட்களில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் இன்றும் வாராவாரம் போன் செய்து, சாப்பாடு இறங்குகிறதா என்று விசாரிப்பதையும் சொல்வார். நெருங்கிய நண்பர், உறவினர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையில் அந்தப் பெண்ணைச் சேர்க்கலாமா? உங்களுக்குத் தலைவலியே இல்லை. “அவங்க சொந்தமில்லையேம்மா” என்று அவரே விட்டுவிடுவார்.

இப்போது ஆல்பா. 1951இல் கிரோன்பாக் எழுதியது; கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டுவது; 0.7ஐத் தாண்டினால் வழிகாட்டி முகம் மலர்வார். டோக்கன் கூப்பிடும் பதற்றத்தில் ஒருவர் மேலிருந்து கீழ்வரை 4 என்பார், அடுத்தவர் வரிசையாக 2 என்பார். இப்படியே போனால் 0.9ஐத் தாண்டும். இதை ‘உயர்ந்த நம்பகத்தன்மை’ என்று எழுத வேண்டும். நான்கு பிரிவாகப் பிரிய வேண்டிய கேள்விகள் ஒரே குவியலாகக் கிடந்தால் ‘பண்பாட்டு வேறுபாடு’ என்று எழுத வேண்டும்.

மொத்தத்தை 0 முதல் 100 வரையிலான அளவுக்கு மாற்றி, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் தாருங்கள். ஆய்வின் வரம்புகள் என்ற பத்தியில் மாதிரி அளவு சிறியது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்து என்ன என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், இதையே கூகுள் ஃபார்மில் அனுப்பப்போவதாகச் சொல்லுங்கள். அதை வீட்டில் மகனின் போனில்தான் திறப்பார்கள்.